ஈர வளையம்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்யும் கம்பெனி ஒன்றில் என் அத்தை மண் பிசையும் வேலையில் இருந்தார். ஜாடிக்கு மெருகேற, தகிக்கும் சூளைக்குள் உப்பைக் கொட்டுவது அங்கே வழக்கம். அந்தப் புகையில் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிச்செடிகள் கருகுவதாகச் சண்டை வந்தது. முதலாளி சோடாவுக்கு மாறினார். சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து, சூளைத் துளை வழியாகப் பம்பால் பீய்ச்ச வேண்டும். பயிருக்கு மருந்தடித்துப் பழகிய கை என்பதால் அத்தைக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் சூளை தேறினால் அவர்தான் சூளை மேஸ்திரி. அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் அந்த வேலைக்குப் போனதில்லை.

அன்று ஞாயிறு. ஆட்களுக்கு விடுமுறை என்பதால் பத்து வயதுப் பெண்ணான என்னை உடன் அழைத்துப் போனார். பதம் பார்க்க ஜாடிகளோடு உள்ளே வைத்திருந்த மண் வளையங்களில் ஒன்றை அவ்வப்போது கம்பியால் இழுத்து, வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பம்புக்குத் திரும்புவார். நான் அதைத் துணியால் துடைத்து, மெருகேறிவிட்டதா என்று சொல்ல வேண்டும்.

முதல் வளையம் சொரசொரப்பு. இரண்டாவதும் அப்படியே. மணி ஐந்தைத் தாண்டியது. ஐந்தரைக்கு எதிர்வீட்டு டி.வி.யில் படம். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், வாளியைச் சுற்றி வந்தேன்.

"இன்னாடி, கால்ல எறும்பு ஏறிக்கீதா? ஒரு எடத்துல நில்லேன்."

"படம் போட்ருவாங்க அத்தே."

"நீ போவலன்னா ஈரோ கல்யாணம் கட்டிக்க மாட்டானா?"

மூன்றாவது வளையம் தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது. நான் துடைக்கவில்லை. ஈரத்தில் மின்னியது. ஈரத்தில் செங்கல்லும் மின்னும்.

"நல்லா பாத்தியா?"

"பளபளன்னு கீது அத்தே."

அவர் பம்பை வைத்துவிட்டுத் துளைகளை அடைத்தார். நான் ஓடினேன்.

புதன்கிழமை பள்ளி விட்டுப் போனபோது சூளை திறந்திருந்தது. பம்பு பார்த்த பக்கம் ஜாடிகள் மினுங்கின. மற்றதெல்லாம் வறட்டி நிறம். முதலாளி கேட்டார்: "வளையத்த யாரும்மா பாத்தது?"

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார். கண்ணு கொஞ்சம் மங்கலா கீது."

அடி விழவில்லை, திட்டுகூட இல்லை. வீடு வரை குதித்துக்கொண்டே வந்தேன். அத்தை பின்னால் மெதுவாக வந்தார். கைதவறிப் போனது என்று சொல்லியிருந்தால் இன்னொரு சூளை கேட்டிருக்கலாம். கண் மங்கல் என்று சொன்னவரால் இனி சூளைப் பக்கம் போகவே முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.