நார்மல் அக்காவின் ரத்தம்

உடம்புக்குள் எங்காவது அழற்சி கண்டிருக்கிறதா என்று ஒரு சொட்டு ரத்தத்தில் சொல்லிவிடும், நகம் அளவு சிப். அதைச் செய்கிற கம்பெனியில் அவளுக்குப் பெயரே 'நார்மல் அக்கா'. சிப்பின் மேல் மருந்து பூசுவது அவள் வேலை. ஒரு தட்டு சிப் பூசி முடிந்ததும் முதல் சிப்பில் அவள் ரத்தத்தைத்தான் விட்டுப் பார்ப்பார்கள். நோய்நொடி அண்டாத உடம்பு. சிப் காட்டும் அழற்சி எண் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். நின்றால் சரக்கு வெளியே போகும். "அக்கா ரத்தம் தங்கம்" என்று மேனேஜரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

திடீரென்று ஒருநாள் எண் எகிறியது. மறுநாளும் அப்படியே. தட்டுத் தட்டாகச் சரக்கு குப்பைக்குப் போனது. வீடு ஓடுவதே பெரும்பாலும் அவள் சம்பளத்தில்தான்.

"கையா அது, உலக்கையா? இன்னொரு தட்டு வீணாச்சுன்னா வீட்டோட இருந்துக்கோ!" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். மிஷினைச் சந்தேகப்பட்டார்கள், மருந்தைச் சந்தேகப்பட்டார்கள், அவள் கையைச் சந்தேகப்பட்டார்கள். அவள் ரத்தத்தை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, அவள் உட்பட.

அதே கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்த அவள் தங்கைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "முட்டியெல்லாம் வீங்கிக் கிடக்கு. டாக்டரப் பாருக்கா."

"வாய மூடுடி. உடம்பு சரியில்லன்னு மேனேஜர் காதுல விழுந்தா வேலை போச்சு."

ஒரு மாத்திரைகூடப் போடமாட்டாள். மாத்திரை ரத்தத்தைக் கெடுத்துவிடுமாம்! இப்படியும் ஒரு பைத்தியக்காரி உண்டா? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தட்டையும் பூசி முடித்தாள்.

எண் முன்னைவிட எகிறியது. ஆத்திரத்தில் மேனேஜர் தன் விரலையே குத்தி இன்னொரு சிப்பில் விட்டார். எண் அடிமட்டத்தில் நின்றது. தங்கையின் ரத்தத்தை விட்டார். அதுவும் அப்படியே.

"அப்பாடா! சிப் மேல தப்பே இல்ல!"

எல்லாரும் கைதட்டினார்கள். பாவிகள், அவள் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு தன் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கக்கா." அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நோய் இருந்தா சிப் சரியாக் காட்டுதான்னும் பாக்கணும்ல, அதுக்கு இவ்ளோ அதிகமாக் காட்டுற ரத்தத்துக்குத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சிட்டிருந்தோம். இனிமே தினம் நீங்கதான் தரணும். வைத்தியத்த மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. மருந்து சாப்பிட்டா எண் எறங்கிடும்."

"அடப்பாவி!" என்று தங்கை பாய்ந்து வந்தாள். அக்கா அவளைக் கையமர்த்தினாள்.

"அப்போ என் வேலை போகாதுல்ல, சார்?" என்று கேட்டுக்கொண்டே விரலை நீட்டினாள்.