பெரியப்பாவின் எச்சில்

என் வேலை என்னவென்று ஊரில் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. "புரோஸ்டேட் புற்றுநோய் குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று மரபணுவில் தேடுகிறேன்" என்று ஆரம்பித்தால், புரோஸ்டேட் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே என்று சொன்னால், அம்மா காபி போட எழுந்து போய்விடுவாள். அதனால் எச்சில் சேகரிக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதற்கு யாரும் கோபிப்பதில்லை. இவ்வளவு படித்து இந்தக் கதியா என்று பரிதாபப்படுவார்கள், அவ்வளவுதான்.

எச்சிலிலேயே மரபணு இருக்கிறது. விரல் நீளக் குப்பியில் கோடு வரைக்கும் துப்ப வேண்டும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது. இந்த விதியை எழுதிய மகானுபாவர் தஞ்சாவூர்ப் பக்கம் வந்ததே இல்லை. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை கிடைக்கிற ஊரில் ஆம்பிளை வாய் அரை மணி நேரம் சும்மா இருக்குமா? நான் முதலில் அனுப்பிய குப்பிகளைப் பார்த்துவிட்டு ஆய்வகத்தில், "என்ன, ரத்தத்தை அனுப்பியிருக்கீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டார்கள்.

இன்னொரு தொல்லை, எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இந்த நோய் வருவதே கிடையாது. மூலம் வரும், கல் வரும், குடலிறக்கம் வரும், சூடு பிடிக்கும். என் தாத்தா முதுகுவலியில் போனார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன வருஷம் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பிறகு அவரே எனக்கு மட்டும் நிஜ ரிப்போர்ட்டை அனுப்பினார். "எனக்குக் கூச்சமா இருக்கு, அண்ணனுங்ககிட்ட நீயே சொல்லிடு" என்றார். புரோஸ்டேட் புற்றுநோய். அது முற்றினால் முதுகெலும்பில் போய் உட்காரும். தாத்தாவின் முதுகுவலி என்னவாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் சொன்னதும் அப்பா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. பாக்கி பெரியப்பா.

அவர் திருப்பனந்தாள் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன். எச்சில் என் ஆராய்ச்சிக்கு, ரத்தப் பரிசோதனை அவருக்கு என்றேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லையே. முகத்தைத் தூக்கி "ம்ம்" என்றால் போதும். அரை மணி நேரம் காத்திருந்தேன். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார், நான் குப்பியை எடுத்தேன், அவர் அடுத்த வெற்றிலையை எடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. மூன்று நாளும் அவர் பேச்சின் நடுவில் ஒன்றுக்குப் போக எழுந்து எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அது இந்த நோய்க்கும் ஓர் அறிகுறி. எனக்குச் சிரிப்பு போய்ப் பயம் வந்துவிட்டது.

பெரியம்மாதான் வழி சொன்னாள். "தாத்தா திதிக்கு வா. காக்கா சோறு எடுக்கிற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படாம இருப்பாரு."

போனேன். பெரியப்பா மொட்டைமாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் "கா கா" என்று கத்தினார். ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் குறுவைக்கு டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. ஊர்க் காக்கை மொத்தமும் புழு பொறுக்க அதன் பின்னால் போயிருந்தது. அதுவும் பெரியப்பாவின் வயலில், அவரே வரச் சொன்ன டிராக்டர்.

அரை மணி நேரம் கழிந்ததும் குப்பியை நீட்டினேன்.

"இன்னிக்குப் போய் துப்பச் சொல்றியே? அப்பா பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"தாத்தாகிட்டேருந்து சித்தப்பாவுக்கு என்ன வந்துச்சுன்னுதான் பெரியப்பா தேடுறேன்."

வாங்கிக்கொண்டார். வாசலில் நின்றபடியே தென்னைமரத்தைக் குறிதவறாமல் அடிக்கிற மனுஷர், வெறும் வாயில் ஒரு சொட்டுக்குத் திண்டாடினார். பெரியம்மா எலுமிச்சம்பழத்தை அவர் கண்ணெதிரே பிழிந்தாள். நான் கீழே படையலில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாழைக்காய் பொரியல் தாண்டி வடைக்கு வந்தபோது குப்பி கோட்டைத் தொட்டுவிட்டது.

மூடியைத் திருகிக்கொண்டே பெரியப்பா பேசினார். "கடைசியா அறுப்புக்கு வந்தப்ப, அப்பா என்னை வரப்புல நிறுத்திட்டு வாய்க்கா பக்கம் போயிப் போயி வருவாங்க. என்னன்னு நான் கேக்கல. எப்படிக் கேக்குறது? இப்ப நானும் அப்படித்தான் போயிட்டிருக்கேன். ரத்தம் எடுக்கணும்னியே, நாளைக்கே கும்பகோணம் போவமா?"

போவோம் என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் போனை எடுத்து டிராக்டர்காரரை நிறுத்தச் சொன்னார். காக்கைகள் திரும்பி வந்தன.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற புரோஸ்டேட் புரதத்தின் அளவு கூடுதலாகத்தான் இருந்தது. மேற்கொண்டு பார்த்ததில் அதே நோய். ஆனால் வெளியே எங்கும் பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், பக்கத்து வயல்காரர் பார்க்க வந்தார். "என்ன, குடலிறக்கமா?" என்று விசாரித்தார்.

பெரியப்பாவின் வாய் நிறைய வெற்றிலை. "ம்ம்" என்றால் விஷயம் முடிந்திருக்கும். மெதுவாக எழுந்து போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இல்லங்க, புரோஸ்டேட் கேன்சர்" என்றார். "ஆமா, உங்க அப்பா எதுல போனாங்க?"