மூக்கில்லாத போலீஸ்காரன்

செராமிக் கம்பெனியில் ராஜாம்பாளுக்கு ஃபினிஷிங் வேலை. காய்ந்த பொம்மையின் பிசிறைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டிய தூளில் பாதி தரைக்கு, பாதி மூச்சுக்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து சுரண்டினாள். இருமல் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம், பேர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அங்கே எல்லா இருமலுக்கும் ஒரே சிவப்புத் தண்ணி மருந்து. பாட்டில் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

"பாட்டிலு நம்மளுது, இருமலு நம்மளுது. கவருமெண்டு கலரு மட்டும் குடுக்குது" என்பாள்.

2007இல் வந்த புது டாக்டர்தான் முதன்முதலாக அவள் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்து வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். எக்ஸ்ரேக்காரர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார்.

செவ்வாய் விடியும்போதே வராந்தாவில் வரிசை நிற்கும். மனுஷர் வரிசை இல்லை, பொம்மை வரிசை. கம்பெனியில் கழித்த பொம்மையை ஆளுக்கொன்று வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கால் போன யானை, விரிசல் விட்ட செட்டியார். ஒருவர் பொம்மையை இன்னொருவர் தொட மாட்டார். ராஜாம்பாளுடையது மூக்கில்லாத போலீஸ்காரன்.

"இந்த நாத்தத்துல நிக்க இவந்தான் லாயக்கு."

மகள் பானுமதி செராமிக் டிப்ளமோ. மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரில் விரிசல் பார்ப்பது வேலை. "தனியார்ல எடுத்துடலாம்மா."

"லேசான இருமலுக்கு என்னாத்துக்குடி? என் போலீசு மொதல்ல நிக்கிறான்."

அந்தச் செவ்வாயன்று சுகாதாரத்துறை மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவர் வருமுன் வராந்தாவைப் பெருக்கி, பொம்மைகளைக் குப்பைத்தொட்டியில் கொட்டினார்கள். டீக்கடையிலிருந்து திரும்பியவர்களை வாட்ச்மேன் கோதண்டபாணி கேட்டிலேயே மறித்தார்.

"ஐயா போவட்டும்மா. அப்புறமா வாங்க."

"நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியப் பாக்கவாய்யா வந்தாரு? எங்களப் பாத்தா தொத்திக்குமா?" என்றாள் ராஜாம்பாள்.

அதிகாரி காலி வராந்தாவைப் பார்த்தார். மக்கள் ஆரோக்கியமாக இருப்பதாகப் பாராட்டினார். அவரை வழியனுப்பவே எக்ஸ்ரேக்காரருக்குப் பொழுது சரியாக இருந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார். எல்லோரும் தொட்டியைக் கிளறித் தங்கள் பொம்மையைத் தேடி எடுத்து, பழைய வரிசைப்படியே அப்போதே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டி ராஜாம்பாள் செத்துப்போனாள். மருந்து பாட்டிலில் பாதி மிச்சம்.

செவ்வாயன்று பானுமதி பொம்மையை எடுத்துவரப் போனாள். போலீஸ்காரன் முதலில் நின்றான். யாரும் நகர்த்தவில்லை. அம்மாவோடு சுரண்டிய வீரம்மாள் வராந்தாவின் கடைசியில், சிவப்பு மருந்துக்குக் காலி பாட்டிலோடு நின்றாள்.

"மொத ஆளு யாரு?" எக்ஸ்ரே அறை உள்ளிருந்து குரல்.

பானுமதி போலீஸ்காரனை எடுத்து வீரம்மாள் கையில் வைத்தாள். "நீங்க போங்க அத்தை."

"எனக்கு லேசான இருமல்தாம்மா."

"அம்மாவும் அதான் சொன்னாங்க."

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அவளை உள்ளே தள்ளினாள்.