உப்புத் தண்ணீரில் மூழ்கிய பகடை

ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய உப்புத் தண்ணீர். அதில் மூன்று கறுப்புப் பகடைகள் மிதந்துகொண்டிருந்தன. நான்காவது, போட்ட வேகத்திலேயே நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இருபது என்ற எண் மேலே பார்த்தபடி இருந்தது. மேசையைச் சுற்றி நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். அது யாருடைய பகடை என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஏட்டையா பேசாமல் இருந்ததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. நான் பேசாமல் இருந்ததற்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட்டு செய்துகொடுப்பது என் தொழில். தென்காசியில் ஒரு மாடியில் சின்னப் பட்டறை. கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் என்னை அந்த விளையாட்டில் இழுத்துவிட்டார். அவர் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த கல்லூரி ஆசிரியை சென்னையில் படித்த நாளில் கற்றுக்கொண்டு வந்தது அது. எங்களுக்கு அவர் கணக்கு மிஸ். மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பாத்திரமாகிவிட வேண்டும். மிஸ் கதை சொல்லுவார். மலை, கோட்டை, காட்டாறு எல்லாம் அவர் வாயில் பிறக்கும். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை சொல்லும். இருபது விழுந்தால் அமோகம். ஒன்று விழுந்தால் சர்வநாசம். ஐம்பதை நெருங்கிய அண்ணாச்சி பட்டத்து ராஜாவாகி, மருந்துச் சீட்டு கிழித்த கையால் சேனையை ஏவிக்கொண்டிருந்ததை முதல் நாள் பார்த்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாம் வாரம் நானே ஞாயிற்றுக்கிழமைக்காக மற்ற ஆறு நாட்களையும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் வைத்தியன் பாத்திரம் எடுத்தேன். அதுவே வினையாயிற்று. ஒரு கட்டத்தில் ராஜா காயம்பட்டு விழுந்தார். நான் பதினொன்றோ அதற்கு மேலோ போட்டால் பிழைப்பார். மூன்று முறை போட்டேன். நான்கு, ஏழு, இரண்டு. ராஜா செத்துப்போனார். அண்ணாச்சி புது ராஜாவாகத் திரும்பி வந்துவிட்டார், ஆனால் என்னை விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மாடியில ஒருத்தரு இருக்காரு, பல்லுதான் கட்டுவாரு. வைத்தியம் பாத்தாருன்னா ஆளு காலி" என்று சொல்லிச் சிரிப்பார். வெறும் கேலிதான். அது எனக்கு உறுத்தியது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தைந்து வயதில், அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துகொண்டு, யாரும் முகம் பார்த்துப் பேசாத ஒரு தொழிலில் இருந்தவனுக்கு, அந்த மேசை ஒன்றுதான் நான்கு பேர் நடுவில் பேர் வாங்கும் இடமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைத் தேய்க்கும் மோட்டாரால் என் பகடையில் ஒன்று என்ற எண்ணுக்குள் துளை போட்டேன். உலோகப் பல் வார்த்ததில் மிஞ்சிய துணுக்கு ஒன்றை உள்ளே செருகினேன். மேலே பிசின் பூசி, கறுப்பேற்றி, மெருகு போட்டேன். நகத்தால் தடவினால்கூடத் தெரியாது. என் கைவேலையில் நான் அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது அபூர்வம். எப்போதும் இருபது விழுந்துவிடாது. ஆனால் விழ வேண்டியதைவிட அடிக்கடி விழும். அதன்பிறகு என் வைத்தியன் சாகக் கிடந்தவர்களை எழுப்பினான். அண்ணாச்சி தொடையில் தட்டி, "தம்பிக்குக் கை வந்துட்டு" என்றார். இரண்டு மாதம் அப்படிப் போனது.

ஏட்டையா அந்த இரண்டு மாதத்தின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவர். இலத்தூர்க்காரர், போலீசில் தலைமைக் காவலர். எல்லைப் பக்கத்துச் சோதனைச் சாவடி ஒன்றில், கழிவு ஏற்றி வந்த லாரியைச் சோதிக்காமல் உள்ளே விட்டுவிட்டார் என்று தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். லாரி கடந்த நேரத்தில் அவர் சாவடியிலேயே இல்லை. மனைவிக்கு இன்சுலின் தீர்ந்துபோய், அனுமதி கேட்டு வந்து அண்ணாச்சியின் கடையில் நின்றிருக்கிறார். அன்று கரண்ட் இல்லாமல், மருந்தை ஐஸ் வைத்துக் கட்டிக்கொடுத்தது அண்ணாச்சிக்கு நன்றாக நினைவிருந்தது. அனுமதி கொடுத்த மேலதிகாரி அப்படி ஒன்று கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே, வரப்போகும் துறை விசாரணையில் ஏட்டையாவுக்கு இருந்த ஒரே சாட்சி அண்ணாச்சி. "வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டே இருந்தா மனுசன் கெட்டுப்போவாரு" என்று சொல்லி அவரை ஆட்டத்துக்குக் கூட்டி வந்தவரும் அண்ணாச்சியே.

என்ன பாத்திரம் வேண்டும் என்று மிஸ் கேட்டபோது ஏட்டையா யோசிக்கவே இல்லை. "கள்ளன். இருவத்தேழு வருசமா பிடிச்சாச்சு, இங்கன கள்ளனா இருந்துதான் பாப்பமே" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் பகடையை உருட்டுவது ஏதோ கோயில் காரியம் செய்வதுபோல இருக்கும். இரண்டு கையையும் குவித்து, குலுக்கி, மெல்ல விடுவார். ஒன்று விழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.

சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சியின் மைத்துனருக்குக் குற்றாலத்தில் இருந்த வீட்டில் ஆட்டத்தை வைத்துக்கொண்டோம். அன்று அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கும் போலீஸ் விசில் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் ஏட்டையாவின் தலை தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பி, திரும்பவும் மேசைக்கு வந்தது. சாப்பாடு முடிந்ததும் மிஸ்ஸும் அண்ணாச்சியும் வெள்ளத்தைப் பார்க்க வராந்தாவுக்குப் போனார்கள். காலையிலிருந்து ஏட்டையாவுக்கு ஐந்துக்கு மேல் விழவில்லை. அவர் என் பகடையைப் பார்த்துக் கைநீட்டினார்.

"தம்பி, ஒங்களுக்கு நல்லா விழுது. இன்னைக்கு ஒரு நாளு மாத்திக்கிடுவமா?"

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் என் வாயில் வரவில்லை. நான்கும் ஒரே மாதிரிக் கறுப்பு. தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

கதையில் அப்போது கோட்டைக்குள் ஆற்றுவெள்ளம் புகுந்துகொண்டிருந்தது. பூட்டைத் திறந்து எல்லாரையும் வெளியேற்ற வேண்டியவன் கள்ளன். ஏட்டையா உருட்டினார், இருபது. அடுத்த கதவு, இருபது. அடுத்தது பதினான்கு. கடைசிக் கதவுக்கு இரண்டு கையையும் குவித்து அவர் விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி போட்ட சத்தத்தில்தான் திறந்தேன். இருபது. ஏட்டையா குழந்தை மாதிரிச் சிரித்தார். வேலையிலிருந்து நிறுத்தியபின் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மிஸ் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். விழும் எண்களையெல்லாம் அவர் குறித்து வைக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாணவர்களுக்குக் காட்டவாம். யாருக்கு விழுந்தது என்று குறிப்பதில்லை, எண்ணை மட்டும்தான்.

"ரெண்டு மாசமா இந்த மேசையில இருபது ரொம்ப ஜாஸ்தி வருது" என்றார். "சும்மா ஒரு சோதனை பண்ணிப் பாப்பமா? நல்ல பகடைன்னா கெட்டியான உப்புத் தண்ணியில மிதக்கும். அண்ணாச்சி, கொஞ்சம் கல்லுப்பு வேணுமே."

உப்பு வந்து, கரைந்து, தண்ணீர் கலங்கித் தெளியும் வரை எனக்கு நேரம் இருந்தது. எழுந்து போய் டம்ளரைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவரவர் முன்னால் இருந்ததை அவரவரே போட்டோம். மிஸ்ஸுடையது மிதந்தது. அண்ணாச்சியுடையது மிதந்தது. நான் போட்டது, அதாவது ஏட்டையாவின் பகடை, மிதந்தது. பிறகுதான் ஏட்டையா போட்டது மூழ்கியது.

ஏட்டையா டம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வரிசையில் நிற்கும் ஒருவன் தன் முறைக்குக் காத்திருப்பதுபோல, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். வெளியே மழை தகரத்தில் அடித்தது. நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன்.

"வேற ஒண்ணுமில்ல" என்றார் அண்ணாச்சி, பேச்சைத் தேடிப் பிடித்ததுபோல. "வெளையாட்டுதானே. இதுக்குப் போயி எதுக்கு ஏட்டையா இப்படி? சாவடிப் பழக்கம் கையவிட்டுப் போகல போல."

மிஸ், "அண்ணாச்சி, அப்படிப் பேசாதீங்க" என்றார். ஆனால் அவரும் நோட்டை மூடிவிட்டார். "ஏட்டையா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"நான் இல்லன்னு ஆறு மாசமா எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், மிஸ்" என்றார் ஏட்டையா. "ஒருத்தரும் நம்பல. இதையும் சொல்லி என்ன ஆகப்போவுது?"

குடையை எடுக்க மறந்து மழைக்குள் இறங்கிப் போனார்.

மூன்று நாள் கழித்துக் கடைக்குப் போனபோது அண்ணாச்சி எனக்குப் பாதிதான் சொன்னார். மீதி எனக்குப் புரிந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை திருநெல்வேலியில் விசாரணை. தான் போகப்போவதில்லை. "வெளையாட்டுல பொய்யாட்டம் ஆடுத மனுசனுக்கு நான் எந்த முகத்தோட சாட்சி சொல்ல? மருந்து வாங்க வந்தாரு, சரி. வந்தது அந்த நேரந்தானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு." ஐஸ் வைத்துக் கட்டியதை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன மனிதர் அவர். ஒரு பகடை மூழ்கியதும் அவருடைய ஞாபகமும் சேர்ந்து மூழ்கிவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணாச்சி எப்படியும் கடைசியில் சாட்சிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். வேறு சாட்சி கிடைக்கும் என்று நினைத்தேன். ஏட்டையாவே உண்மையைச் சொல்லிவிட்டால் என் வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன். பட்டறையில் ஒரு பல்செட்டு உடைந்தது. விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் படியிறங்கிப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பகடை என்னோடது. நான்தான் துளை போட்டு உலோகம் வச்சேன். ஏட்டையா அன்னைக்கு எங்கிட்ட மாத்தி வாங்குனாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, கவரில் போட்டு, கொடுத்து அனுப்பினார். அடுத்தவருக்கும் கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"திருநெவேலிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குலே?"

அதுவரை ஒருநாளும் அவர் என்னைத் தம்பி என்றல்லாமல் 'லே' போட்டு அழைத்ததில்லை.

அவர் போனார், சாட்சி சொன்னார். மிஸ்ஸுக்குப் போனில் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. ஆளைத்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மேசையில் நாங்கள் அதன்பின் உட்காரவில்லை.

சனிக்கிழமை இலத்தூர் போனேன். ஏட்டையா வாசலில் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு போன வார்த்தைகளில் பாதிகூட வெளிவரவில்லை. அவர் பம்ப்பைக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே, தம்பி. நீங்க சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சிருங்க, ஏட்டையா."

"எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லுதீக." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இவகிட்டச் சொல்லுங்க. அண்ணாச்சி சாட்சிக்கு வரமாட்டேன்னதும் ஏன்னு கேட்டா. சொன்னேன். பகடையில ஏமாத்துனீங்களான்னு மொத நாளு கேட்டா. மறுநாளு, அப்ப லாரியையும் நீங்கதான் விட்டீங்களான்னு கேட்டா. ஆறு மாசமா அவ ஒருத்திதான் நம்பிக்கிட்டு இருந்தா."

உள்ளே பார்த்து, "ஏட்டி, இங்கன வா. இந்தத் தம்பி ஒங்கிட்ட என்னமோ சொல்லணுங்காரு" என்றார்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா வந்து நின்றார். கடையில் இருபது பேர் நடுவில் சொன்னது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முழுவதும் சொன்னேன், துளை போட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்து. முடித்தபின் அந்த அம்மா ஒன்று மட்டும் கேட்டார்.

"தண்ணியில முங்குனது ஒம்ம பகடைன்னு ஒமக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"இவுக மழையில எறங்கிப் போகும்போதும் தெரியும்."

"தெரியும்."

அவர் கணவரைப் பார்த்தார். ஏட்டையா கீழே கிடந்த பம்ப்பை எடுத்து, மறுபடியும் காற்றடிக்கத் தொடங்கியிருந்தார், ஏற்கெனவே இறுகிப்போன சக்கரத்துக்கு. அந்த அம்மாவின் முகம் கோணியது. எனக்காக அல்ல. பத்து நாளாகத் தான் கணவரிடம் கேட்ட கேள்விகளெல்லாம் அப்போது அவர் காதிலேயே திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி, போங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் படியிறங்குகிறவனை யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஏட்டையாவின் குரல் கேட்டது.

"போயிட்டு வாங்கன்னு சொல்லுட்டி."

அந்த அம்மா சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தெருவில் இறங்கினேன்.

நான்கு மாதத்தில் ஏட்டையாவை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது சீசன் நாட்களில் அருவியில் கயிறு பிடித்துக் கூட்டத்தை விடுகிறார். என்னைக் கண்டால் தலையசைக்கிறார். வரிசை மாற்றி உள்ளே விட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இலத்தூர் வழியாகச் செங்கோட்டைக்கு மாதம் இரண்டு முறையாவது வேலையாகப் போகிறேன். அந்தத் தெரு முனையில் பஸ் நிற்கும். நான் இறங்குவதில்லை. போய்விட்டு வா என்று அங்கே எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.