குளம் சூடேறுவதற்கு முன்

மார்ச் மாதத்தில் குளக்கரையில் தூண்டிலோடு நிற்பதுதான் என் வேலை என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் பொறாமைப்படுவார்கள்; இரண்டு பகுதியினரும் மார்ச் மாதத்தில் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தவர்கள் அல்ல. விடியற்காலைப் பனியில் பேருந்துக்குக் காத்து நின்று வேலைக்குப் போகிற உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. விரல் நுனியில் உணர்வு போய்விடும். மூக்கு ஒழுகும். அதைத் துடைக்கக் கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடியே மத்தியானம் வந்துவிடும்.

நான் படித்தது சூழலியல். ஜெர்மன் பேசும் வின்டர்தூர் நகரில் நீர்நிலைகளைப் பராமரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. அந்த வருடம் எங்களிடம் வந்தது, வில் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குளம். முன்பு ஒரு நெசவாலைக்காகத் தோண்டியது. காற்பந்துத் திடலில் பாதிகூட வராது. தவளைகளும் நீர்ப்பல்லிகளும் நிறைந்த அந்தக் குளத்தில் யாரோ பெருவாய் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அமெரிக்காவைச் சொந்த இடமாகக் கொண்ட மீன். பெயருக்கேற்ற வாய். அதற்குள் போகக்கூடிய எதையும் அது மிச்சம் வைப்பதில்லை. தண்ணீர் பதினைந்து, பதினாறு பாகைக்குச் சூடேறினால் ஆண் மீன் கரையோரம் கூடு துடைக்கும், பெண் முட்டையிடும். மின்சாரம் பாய்ச்சிப் பிடித்ததில் சின்னவை அகப்பட்டன; பெரியவை ஆழத்துக்குப் போய்விட்டன. அவற்றைத் தூண்டிலால்தான் எடுக்கவேண்டும். கோடையில் ஒரேயொரு பாஸ் குஞ்சைக் கண்டாலும் குளத்தை மண் போட்டு மூடிவிடுவதாகக் கிராம நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. அதாவது, ஒரு சோடி மிஞ்சினாலும் தவளைகளோடு சேர்த்துக் குளம் போய்விடும்.

இலை

குளிர்ந்த தண்ணீரில் பாஸ் எதையும் துரத்தாது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் முதல் நாட்களில் ரப்பர் புழுவை எறிவதும் உடனே சுற்றி இழுப்பதுமாக இருந்தேன். சும்மா நிற்பதை யாராவது பார்த்தால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். என்னோடு வேலை செய்யும் ரெட்டோ இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். புழுவை அடியில் கிடக்க விடு, ஒரு கோப்பை தேநீர் குடி, பிறகு ஒரு விரலளவு நகர்த்து என்று சொல்லிவிட்டு மறுகரைக்குப் போனார்.

அப்படியே செய்தேன். மீன் கடித்தால் வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒருமுறை மட்டும் தங்கூசி, அந்த நைலோன் தூண்டில் நூல், மெல்லக் கனத்தது, நனைந்த துணி ஒன்று அதன்மேல் விழுந்தது போல. அடியில் பழைய இலைகள் ஏராளம். இலைதான் என்று நினைத்துக் கையுறையைச் சரிசெய்தேன். தங்கூசி தளர்ந்தது. ரெட்டோ மறுகரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இலைதான்" என்று கத்திச் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் இதுவரை பார்த்த இலை எதுவும் ஆழத்தைத் தேடி நீந்திப் போனதில்லை."

நாயோடு வந்தவர்

அறுபது வயதிருக்கும் ஒரு உள்ளூர்ப் பெண்மணி, தினமும் நாயோடு குளத்தைச் சுற்றி நடப்பவர். ஒருநாள் நின்று, என்ன பிடிக்கிறாய் என்று கேட்டார். தெரியாதவர்களோடு கதைப்பதென்றால் எனக்குக் கூச்சம். ஆனாலும் வேலையைப் பற்றி என்றால் பாடமாக்கியதை ஒப்புவிப்பது போலச் சொல்லிவிடுவேன். சொன்னேன். அவர் மிகவும் ஆமோதித்தார். வெளியிலிருந்து வந்தவை இங்கே பெருகவே விடக்கூடாது, இருப்பவற்றுக்கு இடமில்லாமல் போகிறது என்றார். சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்துகொண்டு வந்தது.

"நான் மீனைச் சொன்னேன்" என்றார்.

"நானும் மீனைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவரைவிட எனக்குத்தான் அதிகம் வெட்கமாக இருந்தது. ஏனென்று இன்றும் தெரியவில்லை. தவறி மிதித்தவர் அவர், கால் வலிக்கிறதா என்று கேட்டது நான். அடுத்தநாள் அவர் ஒரு துண்டு கரட் கேக்கோடு வந்தார். போகும்போது நாயின் காதைத் தடவியபடி, பெரிய சமாதானம் ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்: "இவனும் ருமேனியாவிலிருந்துதான் வந்தவன்."

ஆராய்ச்சி

இந்த நாட்டில் பிடித்த பாஸ் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடச் சட்டம் அனுமதிக்காது. கொன்றதை வீணாக்க எனக்கு மனமில்லை. அதனால், மின்சாரத்தில் அகப்பட்ட சின்னவையானாலும், வீட்டுக்குக் கொண்டுபோவேன். சேற்று வாடை போக அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் கழுவி, புளியைக் கூடக் கரைத்துக் குழம்பு வைப்பார். மீனைப் பற்றி அவருக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடு முழுவதும் என்னைப் பற்றித்தான்.

"படிப்பிச்சது மீன் பிடிக்கவோ? நாளைக்கு ஆரும் பொம்பிளை கேட்டு வந்தா, பிள்ளை என்ன வேலை எண்டு சொல்லுறது?"

"சூழலியல் எண்டு சொல்லுங்கோ."

"அதுக்குப் பிறகும் கேப்பினமடி. எங்கட ஆக்கள் விடுவினமோ?"

யாழ்ப்பாணத்தில் மீன் தின்பவருக்கு ஒரு மரியாதை, பிடிப்பவருக்கு வேறொரு மரியாதை. அந்தக் கணக்கை எங்கள் ஆட்கள் விமானத்தில் கவனமாக ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா அதை நேராகச் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அன்று பின்னேரம் சோலோதுர்னிலிருந்து ஒரு அன்ரி தொலைபேசியில் வந்தார். குழம்பைக் கிண்டியபடியே அம்மா பதில் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது: "ஓம் அக்கா, தண்ணி ஆராய்ச்சிதான்... மீனோ? சீச்சீ, அது கடையில வாங்கினது."

வயிற்றுக்குள்

மாதக் கடைசியில் முதலாவது பெரிய மீன் வந்தது. இந்தமுறை தங்கூசி கனத்ததும் இலை என்று நினைக்கவில்லை. என்ன தின்கிறது என்று பார்க்க ஒவ்வொரு மீனின் வயிற்றையும் கீறிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நீர்ப்பல்லியின் எலும்பு இருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்தது சிவந்த ஓடு, நீண்ட மீசை, கறுத்த கண். இறால் தலை. ஒன்றல்ல, பல.

எனக்கு அந்தத் தலைகளை நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறையில் அப்பா ஒவ்வொரு கிழமையும் கிள்ளி எறிகிற அதே தலைகள். எங்கள் ஆட்களில் யாரோதான் என்று பட்டது; அதை ரெட்டோவிடம் சொல்லவில்லை. ரெட்டோ அவற்றைக் கத்தி நுனியால் வரிசையாக அடுக்கினார். நாங்கள் போட்ட ரப்பர் புழுவை மீன்கள் ஏன் மதிக்கவில்லை என்று இருவருக்கும் அப்போது விளங்கியது. "கடலே இல்லாத நாட்டில்" என்றார் அவர், "இவர்களுக்கு மட்டும் யார் கடல் உணவு பரிமாறுகிறார்கள்?"

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்

பரிமாறியவர் தானாகவே வந்தார். ஐம்பது வயதுக்காரர். சில நாட்களாகவே எதிர்க்கரையில், பழைய நீர்க்குழாய் குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூலையில் நின்று எங்களைப் பார்ப்பதும், நான் திரும்பினால் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தவர். ரெட்டோ வாகனத்துக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, தமிழோ?"

"ஓம்."

"நான் வரதன். இஞ்ச பக்கத்தில பக்டரியில வேலை. ஒரு விசயம் கேக்கலாமோ? இந்த மீனை விட்ட ஆளையும் தேடுகினமோ?"

"என்னைப் பிடிக்கச் சொன்னது மீனைத்தான் மாமா."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு எல்லாம் வந்தது. சில வருடங்களுக்கு முன் சிநேகிதரோடு தெற்கே டிச்சினோப் பக்கம் ஒரு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். உயிரோடு கொண்டுபோனால் கறி ருசி என்று நாலைந்தை வாளியில் போட்டுக்கொண்டு வீடு வந்திருக்கிறார். வாசலில் மனைவி மறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை! விளக்கு ஏற்றிய வீட்டுக்குள் மீன் வெட்டுவதா? சனிக்கிழமை வரை குளியல் தொட்டியில் விட்டார்கள். விடிந்து பார்த்தால் பிள்ளைகள் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து மீன்களுக்கு லூனா, மாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். கத்தியை எடுத்ததும் ஒரே அழுகை. ஒரு இரவு வீட்டில் தங்கினவர்களை எப்படி வெட்டுவது என்று மனைவியும் பின்வாங்கிவிட்டார். வாளியோடு இந்தக் குளத்துக்கு நடந்தார்.

"விட்டாச்சு எண்டு விடவும் மனம் வரேல்ல. சனிக்கிழமை எங்கட வீட்டில இறால். தலையளை அந்தக் குழாயடியில கொண்டந்து போடுவன். புண்ணியம் எண்டுதான் நினைச்சனான் பிள்ளை."

தவளைகளைப் பற்றியும், குளத்தை மூடும் முடிவைப் பற்றியும் சொன்னேன். அவர் குளத்தையும் கையிலிருந்த இறால் தலைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்கே வெட்டியிருந்தா" என்றார், "ஒரு பாவத்தோட முடிஞ்சிருக்கும்."

கடைசிச் சோடி

ஏப்ரல் நடுப்பகுதி. அதற்குள் வேறும் சில பெரிய மீன்களை எடுத்திருந்தோம். வெயிலைப் பார்த்த கரையில் தண்ணீர் பதினாலு பாகை. குழாயடியில் ஒரு ஆண் மீன் வாலால் சேற்றைத் துடைத்துத் தட்டம் போல வெள்ளைக் கல்லை வெளியே எடுத்திருந்தது. கூடு தயார். பெண் மட்டும் இன்னும் முட்டையிடவில்லை. நீருக்கடிக் கமராவில் வேறு பெரிய மீன் எதுவும் தெரியவில்லை. இந்த இரண்டும்தான் மிச்சம். இரண்டு நாள் வெயில் அடித்தால் நாங்கள் தோற்றுவிடுவோம்.

சனிக்கிழமை வரதன் மாமா இறால் பையோடு வந்தார். ரெட்டோ பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கை நீட்டி, தன் பெயரைச் சொல்லிக் குலுக்கினார். ரப்பர் புழுவைக் கழற்றிவிட்டு ஒரு இறால் தலையைக் கொக்கியில் ஏற்றினேன். ஆண் மீன் கூட்டைக் காக்கிற கோபத்தில் உடனே கடித்தது. பெண் அப்படியல்ல. குழாயின் நிழலில் நின்று இறாலைப் பார்த்தது. கிட்ட வந்தது. திரும்பிப் போனது. நான் இழுக்கவில்லை, நகர்த்தவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு தங்கூசி மெல்லக் கனத்தது.

புல்லில் கிடந்தபோது அதன் வயிறு முட்டையால் பருத்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. இந்த மீனில் பிழை எதுவும் இல்லை. அதை வாளியில் தூக்கி வந்து வேண்டாத இடத்தில் விட்டார்கள், கொடுத்ததைத் தின்று அது வாழ்ந்தது. மரக்கட்டை என் கையில் இருந்தது. தலையில் ஒரே அடி. முன்பு பலமுறை செய்ததுதான். அன்று கை உயரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற வரதன் மாமாதான் பேசினார்:

"யோசியாதை பிள்ளை. நான் யோசிச்சதாலதான் இவ்வளவும்."

குளக்காரர்

ஜூன் மாதம் குளம் முழுக்க வலை போட்டுப் பார்த்தோம். பாஸ் குஞ்சு ஒன்றும் இல்லை. கரையோரம் தலைப்பிரட்டைகள் மிளகு கொட்டியது போல் கறுத்துக் கிடந்தன. நிர்வாகத்திலிருந்து வந்தவர் ரப்பர் சப்பாத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குளம் இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கியதை மறைக்க வலையை மடிக்கத் தொடங்கினேன். அது ஏற்கெனவே மடித்த வலை.

சாமான்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு இளம் சோடி பிளாஸ்டிக் பெட்டியோடு குளத்தை நோக்கி நடந்தது. பெட்டிக்குள் உள்ளங்கையளவு ஆமை. புது வீட்டில் இடமில்லையாம். கொல்லவும் மனம் வரவில்லையாம். நான் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் வசனம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பாதையின் மறுபக்கத்திலிருந்து வரதன் மாமா, வேலைச் சட்டையோடு, சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஜெர்மன் இலக்கணத்தை வழியில் கைவிட்டிருந்தார். குரலில் மட்டும் பிறந்ததிலிருந்து அந்தக் கிராமத்தில் இருப்பவரின் கண்டிப்பு.

"இங்கே ஒன்றும் விடக் கூடாது! இது எங்கள் குளம்!"

இரக்கமில்லாதவர்களால் எங்கள் அலுவலகத்துக்கு இதுவரை ஒரு வேலைகூட வந்ததில்லை.