ராஜா பக்கம் நின்ற விதவையும் என் பத்து நிமிடப் பாடமும்

பதினோரு வருடமாக நியூஜெர்சியில் ஒரு பள்ளியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். பிறந்தது மதுரை. "உங்களுக்கு எதற்கு எங்கள் வரலாறு?" என்று நேரிலேயே கேட்டவர்கள் இரண்டு பேர். மனதுக்குள் கேட்டவர்கள் எத்தனை பேரோ! சிறந்த மாணவர்களுக்கான உயர்நிலை வரலாற்று வகுப்பு மூன்று முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. "வெளியே ஏதாவது அங்கீகாரம் வாங்கி வாருங்கள், பார்க்கலாம்" என்றார் துறைத் தலைவர். அதனால்தான் இந்த ஜூலையில், அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கென லண்டனில் நடந்த ஐந்து நாள் பயிற்சிக்குப் போனேன். அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏதாவது ஒரு ஆவணத்தைத் தேடி எடுத்து, அதை வைத்துக் கடைசி நாள் ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். இருபத்துநான்கு பேரில் ஒருவருக்குத்தான் சான்றிதழ். அது இல்லாமல் திரும்புவதில்லை என்ற வீம்போடு விமானம் ஏறினேன்.

தங்கியது கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில், யோகராணி வீட்டு மாடி அறையில். இரவுக்கு நாற்பத்தைந்து பவுண்டு. யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் வேலை. அங்கிருந்து எலிசபெத் லைன் ரயிலில் ஸ்ட்ராட்போர்ட், பிறகு ஓவர்கிரவுண்டில் கியூ கார்டன்ஸ். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை இலவசம். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான்.

முதல் இரண்டு நாளும் வெறுங்கை. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களையே தேடித் தேடிச் சலித்தேன். கடைசியில் மேசையில் இருந்த பெண் அலுவலர் பரிதாபப்பட்டு, "ஜெயித்தவர்களை ஏன் இங்கே தேடுகிறீர்கள்? அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்களே. இங்கே ஓடி வந்தவர்கள் தோற்றவர்கள்தான்" என்றார். என் பதினோரு வருட அனுபவம் அங்கேயே அசடு வழிந்தது.

மூன்றாம் நாள் 11.20க்குக் கேட்ட பெட்டி 12.15க்கு வந்தது. உள்ளே ஒரு பட்டியல். அந்தப் போரில் பிரிட்டிஷ் ராஜா பக்கம் நின்றதற்காக நியூஜெர்சியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு விதவை, லண்டனில் நட்டஈடு கேட்டு எழுதிக் கொடுத்தது. வீடு, இரண்டு பசு, இறகு மெத்தை, நாற்பத்தொரு ஆப்பிள் மரம். எங்கள் பாடப்புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாது. போனில் படம் எடுத்துக்கொண்டேன், அதற்குக் கட்டணம் இல்லை.

சாயங்காலம் அதை யோகராணிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஓம் ரீச்சர், எங்கட ஊர் யுத்தத்தில ஓடி வந்தாப்பிறகு நாங்களும் இப்பிடித்தான் எழுதிக் குடுத்தனாங்கள். வீடு, மாடு, மாமரம் எல்லாம். உதுக்கெல்லாம் ஆர் சாட்சி எண்டு ஒரு ஒபிசர் கேட்டவர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்லுறது? சாட்சி சொல்ல வேண்டிய ஆக்களும் எங்களோடதானே ஓடினவை."

என் பாடம் கிடைத்துவிட்டது. "இதை வகுப்பில சொல்லலாமா?" என்று கேட்டேன். "தாராளமாச் சொல்லுங்கோ" என்றார்.

கடைசி நாள் மற்றவர்கள் திரையில் படம் காட்டினார்கள். நான் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். "ஒரு மணி நேரத்தில் வீட்டை விட்டு ஓடுகிறீர்கள். விட்டுப்போனதை எழுதுங்கள். படிக்கப்போகும் அதிகாரி உங்களை நம்பமாட்டார். ஒவ்வொன்றுக்கும் சாட்சி யார் என்றும் எழுதுங்கள்." டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஆசிரியர் முதல் நாளிலிருந்தே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர். சாட்சி என்ற இடத்தில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தார். பிறகுதான் விதவையின் பட்டியலைப் படித்தேன். யோகராணி சொன்னதையும் சொன்னேன்.

மாலை 4.10க்கு சான்றிதழுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் எழுந்து கைதட்டியவர் அந்த டெக்சாஸ்காரர். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: காப்பகம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். கோப்புகளை வீட்டிலிருந்தே முன்பதிவு செய்துவிட்டால் என்னைப்போல இரண்டு நாளை வீணாக்க வேண்டாம். பசித்தால் குட்மேய்ஸ் கடைத்தெருவில் ஆறரை பவுண்டுக்கு நல்ல மசால் தோசை உண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் துறைத் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "செப்டம்பரிலிருந்து உயர்நிலை வகுப்பு உங்களுடையது. முதல் பாடம் எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள்?"

"தோற்றவர்களிலிருந்து" என்று பதில் போட்டேன்.