மலாக்கி டூகன் தட்டாமல் கொடுத்தது

மலாக்கி டூகன் காலைப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். சிகாகோவின் தெற்கே, அவருடைய வார்டில் யார் இறந்தார்கள் என்று பார்த்த பிறகுதான் நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று பார்ப்பார். பல நாள் அதையும் பார்க்க மாட்டார். காரில் எப்போதும் ஒரு கறுப்பு டை கிடக்கும்.

இருபது வருடமாகக் கவுன்சிலர். நகர மன்றத்தில் அவர் வாய் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஜன்னலை மூடச் சொன்னதாக மட்டும் ஒருமுறை மன்றக் குறிப்பில் ஏறியிருக்கிறது. ஆனால் துக்க வீட்டில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சவப்பெட்டிக்கு முன் மண்டியிட்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வார். எழுந்து விதவையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார்.

"உன் துக்கம் என் துக்கம்மா. என்ன வேணும்னாலும் கேளு, செய்றேன்."

பிறகு சமையலறைக்குப் போய், விஸ்கியோடு நிற்கும் ஆண்களிடம் இறந்தவரைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். எங்கள் வார்டில் குடியேறிய அயர்லாந்துக்காரர்கள் சாலை போட்டுக் கொடுத்தவனை மறந்துவிடுவார்கள். அப்பன் சாவுக்கு வந்தவனை மறக்கவே மாட்டார்கள். மலாக்கியின் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

சவப்பெட்டியின் பக்கத்திலேயே யாரும் எதையும் கேட்டதில்லை. அது நாகரிகமில்லை. ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வருவார்கள். மகனுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை, தெருவுக்கு ஒரு விளக்கு. "பார்ப்போம்" என்பார் மலாக்கி. சில தெருக்களுக்கு விளக்கு வந்தது. மற்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன் பிரெண்டன் குவில்டி. போரிலிருந்து திரும்பி வக்கீலுக்குப் படித்தவன். கூட்டத்துக்குக் கூட்டம் சாக்கடைக் குழாய்களைப் பற்றிப் பேசினான். குழாய்க்கு எவன் ஓட்டுப் போடுவான் என்று மலாக்கி நிம்மதியாக இருந்தார். தேர்தலுக்கு முந்தின வாரம், டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற பிரெண்டனின் அப்பா மார்ட்டின் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

"இந்த ஒரு சாவுக்குப் போகாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது" என்றாள் மனைவி நோரீன்.

"போகலேன்னா வார்டே பேசும்."

"போனா?"

"எதிரி வீட்டுச் சாவுக்கே வந்தான் பாருன்னு பேசும். அது ஓட்டு, நோரீன்."

கவுன்சிலர் பதவி இல்லாத மலாக்கி எப்படி இருப்பார் என்று மலாக்கிக்கே தெரியாது. அந்தப் பயத்தோடுதான் டையைக் கட்டினார்.

குவில்டி வீட்டில் நிற்க இடமில்லை. விதவை டீலியா அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். மண்டியிட்டார், எழுந்தார், கையைப் பிடித்தார். பழகிய வாய் தானாகச் சொல்லி முடித்தது.

டீலியா கையை விடவில்லை. "நெசமாவா, மலாக்கி?"

"என்ன வேணும்னாலும், டீலியா."

"அப்ப உன் சீட்டை என் பையனுக்குக் குடு."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். சமையலறையிலிருந்து ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். 'பார்ப்போம்' என்ற சொல் மலாக்கியின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மார்ட்டின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் கோட்டும் சூட்டுமாக, விரல்களில் ஜெபமாலையோடு படுத்திருந்தார். பிணத்துக்கு முன் இல்லை என்று சொன்னால், இருபது வருடமாகச் சொன்ன அத்தனை ஆறுதலும் பொய்யாகிவிடும்.

"கண்டிப்பா, டீலியா" என்றார்.

துக்கத்தில் சொன்னதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வீடு திரும்பும்வரை தேற்றிக்கொண்டார். காலையில் அவருடைய சொந்த ஆட்களே வீடு வீடாகப் போய், "மலாக்கி சொல்லிட்டாரு, குவில்டி பையனுக்குப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தடுக்கலாமென்று தெருவுக்கு ஓடினார். ரொட்டி வாங்க வந்த கிழவி ஒருத்தி அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"பெரிய மனசுப்பா உனக்கு. நீ சொன்ன மாதிரியே போட்டுடுறோம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மலாக்கி. வேறென்ன சொல்ல முடியும்?

மலாக்கி தன் பெயருக்கு ஒருபோதும் வாங்காத அளவு ஓட்டுகளை பிரெண்டனுக்கு வாங்கிக் கொடுத்தார். தேர்தல் முடிவு வந்த அன்று சாயங்காலம் நோரீன் தட்டில் பன்றி இறைச்சியை வைத்தபடி சொன்னாள், "கேட்டவங்களுக்கு நீ உடனே செஞ்சு குடுத்தது இது ஒண்ணுதான்." அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தார். தச்சர் ஷானஹன் இறந்திருந்தார். பதவி போனாலும் கால்கள் கேட்கவில்லை. மண்டியிட்டு எழுந்து விதவையின் கையைப் பிடித்து, "உன் துக்கம் என் துக்கம்மா" என்றார். வழக்கமான அடுத்த வரியை விழுங்கிவிட்டார். அவர் நகர்ந்ததும், புதுக் கறுப்பு டை கட்டிய ஒருவன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தான்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க, செய்றேன்" என்றான் பிரெண்டன் குவில்டி.